எண்ணும் பிடியும்: செயல்முறை எண்ணுக்கான தளம் கடந்த நிரலாக்க இடைமுகங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயக்க அமைப்பு தன்னிடம் இயங்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் எண்ணை வழங்குகிறது. ஒரே நிரல் பல இயக்க அமைப்புகளில் இயங்க வேண்டும் என்னும் நோக்கில் எழுந்த நிரலகங்களும் மொழிகளும் அவ்வெண்ணை எவ்வாறு கையாண்டுள்ளன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எண்ணின் அகலத்தையும் குறியையும் ஒன்றாக்குவதோடு பெரும்பாலானவை நின்றுவிட்டன. அவ்வெண் எவ்வளவு காலம் ஒரே செயல்முறையைச் சுட்டும், அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவிலேயே தளங்கள் உண்மையில் வேறுபடுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: இயக்க அமைப்பு, செயல்முறை எண், பிடி, தளம் கடந்த இடைமுகம், போசிக்ஸ், விண்டோஸ், ஜாவா, ஜிலிப்

1. பெயரும் பிடியும்

யுனிக்ஸ் மரபில் செயல்முறைக்குரிய எண் ஒரு பெயர் மட்டுமே. ‘ஃபோர்க்’ அழைப்பு சேய்ச் செயல்முறையைப் படைத்து அதன் எண்ணைத் தாய்ச் செயல்முறைக்குத் தருகிறது. பின்னர் அச்சேயை நிறுத்துவதற்கும் அதன் முடிவை அறிவதற்கும் தாய் அந்த எண்ணையே கெர்னலிடம் கூறுகிறது. எண்ணை வைத்திருப்பதனால் அதற்குரிய செயல்முறையின்மீது எந்தப் பற்றும் ஏற்படுவதில்லை. செயல்முறை முடிந்து, அதன் முடிவு பெறப்பட்ட பின்னர், அதே எண் வேறொரு செயல்முறைக்கு வழங்கப்படலாம். லினக்ஸில் எண்களின் இயல்பு வரம்பு நெடுங்காலம் 32768 ஆக இருந்தது. 64 பிட் கணினிகளில் அதனை 41,94,304 வரை உயர்த்த இயலும். சிஸ்டம்டி தன் 243ஆம் பதிப்பிலிருந்து அவ்வாறே உயர்த்தி வைக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் வரம்பு 99999. வரம்பை எட்டியதும் எண்ணிக்கை தொடக்கத்துக்குத் திரும்பி, இடையில் காலியாயிருக்கும் எண்களை மீண்டும் வழங்குகிறது. ஓப்பன்பிஎஸ்டியோ எண்களை வரிசையாக வழங்காமல் ஒழுங்கற்ற முறையில் தேர்ந்தெடுக்கிறது.

விண்டோஸ் இதனை இரண்டாகப் பிரிக்கிறது. ‘கிரியேட்ப்ராசஸ்’ அழைப்பு 32 பிட் அகலமுள்ள ஓர் எண்ணையும், ‘ஹேண்டில்’ எனப்படும் பிடியையும் சேர்த்தே தருகிறது. நிறுத்தல், காத்திருத்தல், முடிவை அறிதல் ஆகிய வினைகள் பிடியின்வழி நிகழ்கின்றன. எண்ணை மட்டும் அறிந்த நிரல் முதலில் ‘ஓப்பன்ப்ராசஸ்’ அழைப்பின் வாயிலாகப் பிடியைப் பெற்றாக வேண்டும். பிடி திறந்திருக்கும் வரை, செயல்முறை முடிந்துவிட்டாலும், அதன் எண் வேறெதற்கும் செல்வதில்லை. இங்கு எண் பெயராகவும் பிடி உடைமையாகவும் தனித்தனியே நிற்கின்றன.

யுனிக்ஸில் இத்தகைய பாதுகாப்பே இல்லை என்று கூறுவது பிழை. முடிந்துபோன சேய், தாய் ‘வெயிட்’ அழைத்து அதன் முடிவைப் பெறும் வரை ஸோம்பி நிலையில் இருக்கிறது. அதுவரை அதன் எண் மறுபடி வழங்கப்படாது என்பதைப் போசிக்ஸ் தரநிலை உறுதிசெய்கிறது. எனினும் அவ்வுறுதி தாய்க்கு மட்டுமே உரியது. தாய் நிரலின் ஏதேனும் ஒரு பகுதி, சேய் முடிந்ததை அறிவிக்கும் சமிக்ஞையைப் புறக்கணிக்குமாறு அமைத்துவிட்டால் ஸோம்பி நிலையே தோன்றாது. மற்றொரு பகுதி ‘எந்தச் சேயாயினும் சரி’ எனக் காத்திருந்தாலும், பிறர் காத்திருக்கும் சேயின் முடிவை அது எடுத்துக்கொண்டுவிடும். விண்டோஸில் உறுதி பிடியை வைத்திருப்பவரிடம் உள்ளது. யுனிக்ஸிலோ அது நிரல் முழுவதன் ஒழுக்கத்தைச் சார்ந்தது. தளம் கடந்த இடைமுகத்தை வடிவமைப்போர் முதன்மையாக எதிர்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே. இடைமுகங்களின் வரலாறோ எண்ணுக்கு எந்தத் தரவினத்தைத் தருவது என்னும் வினாவைச் சுற்றியே பெரும்பாலும் நகர்ந்துள்ளது.

தமிழில் இவ்வெண்ணை ‘அடையாள எண்’ எனக் குறிக்கும் வழக்கம் உண்டு. அடையாளம் என்பது ஒன்றை என்றைக்கும் பிறவற்றினின்று பிரித்துக் காட்டுவது. இவ்வெண் அவ்வாறு காட்டுவதில்லை. எனவே இக்கட்டுரை ‘செயல்முறை எண்’ என்னும் எளிய தொடரையே ஆள்கிறது.

2. ஒரே தரவினப் பெயருக்கு இரு பொருள்

க்னோம் மேசைத்தளத்தின் அடித்தளமான ஜிலிப் நிரலகத்தில் ‘ஜிபிட்’ என்றொரு தரவினம் உண்டு. யுனிக்ஸில் அது ஒரு முழுஎண்; விண்டோஸில் அது ஒரு பிடி. பெயரோ இரு தளங்களிலும் ‘பிட்’ என்றே ஒலிக்கிறது. இத்தரவினத்தைப் பெற்ற நிரல் அதனை எண்ணாக அச்சிட்டால் யுனிக்ஸில் பொருளுள்ள எண் கிடைக்கும். விண்டோஸில் அந்நிரலுக்கு வெளியே பொருளற்ற ஒரு மதிப்பே கிடைக்கும். பணி முடிந்ததும் ‘ஜி ஸ்பான் க்ளோஸ் பிட்’ என்னும் செயற்கூற்றை அழைக்க வேண்டும். விண்டோஸில் அது பிடியை மூடுகிறது. யுனிக்ஸில் எதையும் செய்வதில்லை.

இவ்வடிவமைப்பை எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் இதில் ஒரு நேர்மை உள்ளது. விண்டோஸில் தேவைப்படுவது எண்ணன்று, பிடியே என்பதை ஜிலிப் கண்டுகொண்டது. எதையும் செய்யாத ஒரு செயற்கூற்றை யுனிக்ஸ் நிரலர்மீதும் சுமத்தி, ‘இது ஓர் உடைமை, இதனைத் திருப்பித் தர வேண்டும்’ என்னும் ஒழுக்கத்தை இரு தளங்களிலும் நிலைநாட்ட முயன்றது. குறை பெயரிலேயே உள்ளது. உடைமைக்கு எண்ணின் பெயரைச் சூட்டியதால், யுனிக்ஸில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரலர் மூடும் அழைப்பை மறந்தாலும் எந்த எச்சரிக்கையும் பெறுவதில்லை. சேயின் முடிவைக் கவனிக்கும் செயற்கூறுகளுக்கான ஜிலிப் ஆவணம், நிரலின் வேறெப்பகுதியும் எல்லாச் சேய்களுக்குமாகக் காத்திருத்தல் கூடாது, சேய் முடிவுச் சமிக்ஞையைப் புறக்கணித்தல் கூடாது என நிபந்தனைகளை விதிக்கிறது. தரவினத்தால் காக்க இயலாததை ஆவணத்தால் காக்கும் முயற்சி இது.

க்யூட்டி நிரலகம் இன்னும் விந்தையான இடத்தில் தொடங்கியது. அதன் ‘க்யூப்ராசஸ்’ வகுப்பில் இருந்த ‘பிட்’ செயற்கூறு யுனிக்ஸில் முழுஎண்ணையும், விண்டோஸில் செயல்முறைத் தகவல் அடங்கிய ஒரு கட்டமைப்புக்கான சுட்டையும் திருப்பித் தந்தது. 5.3ஆம் பதிப்பில் ‘ப்ராசஸ்ஐடி’ என்னும் புதிய செயற்கூறு எல்லாத் தளங்களிலும் 64 பிட் முழுஎண்ணைத் தரலாயிற்று. பழையது பின்னர் நீக்கப்பட்டது. எழுதுவோருக்கு இது நிம்மதி. ஆனால் ஒன்றாக்கம் எந்தத் திசையில் நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிடியை அடையும் வழி மறைந்து, எல்லாத் தளங்களுக்கும் வலுக்குறைந்த எண் எஞ்சியது. க்யூப்ராசஸ் பொருளே உள்ளுக்குள் பிடியை வைத்திருப்பதால், தான் தொடங்கிய செயல்முறைகளைப் பொறுத்தவரை இது பெருந்தீங்கன்று. அவ்வெண்ணைப் பொருளிலிருந்து பிரித்து வேறிடம் கொண்டுசெல்லும்போதே இழப்பு வெளிப்படுகிறது.

3. குறியின் சுமை

போசிக்ஸின் ‘கில்’ அழைப்பு ஒரே அளபுருவில் நான்கு பொருள்களை அடக்கியுள்ளது. நேர்எண் ஒரு செயல்முறையைச் சுட்டும். சுழி, அழைப்பவரின் செயல்முறைக் குழுவைச் சுட்டும். −1, சமிக்ஞை அனுப்ப உரிமையுள்ள ஏறத்தாழ எல்லாச் செயல்முறைகளையும் சுட்டும். அதனினும் சிறிய எதிர்எண் ஒரு குழுவைச் சுட்டும். ‘ஃபோர்க்’ தோல்வியுற்றால் திருப்பித் தருவதும் −1 தான். தோல்வியைச் சோதிக்காமல் அம்மதிப்பைச் சேமித்து, பின்னர் ‘சேயை நிறுத்து’ என அழைக்கும் நிரல், தன் பயனரின் செயல்முறைகள் அனைத்தையும் நிறுத்திவிடக்கூடும். நிர்வாகி உரிமையுடன் இயங்கினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறியீட்டைப் பிற தளங்களுக்குப் பெயர்க்க முனைந்த இடங்களில் விளைந்தவை மேலும் நுட்பமான இடர்கள். விண்டோஸில் ‘ஃபோர்க்’ இல்லாமையால் பெர்ல் மொழி அதனை இழைகளைக் கொண்டு போலச்செய்கிறது. உண்மைச் செயல்முறைகளினின்று வேறுபடுத்துவதற்காகப் போலிச் செயல்முறைகளுக்கு எதிர்எண்களை வழங்குகிறது. யுனிக்ஸில் எதிர்எண் குழுவைக் குறிக்கும் என்பதை இங்கு மறந்துவிட வேண்டும். மேலும் −1 என்னும் மதிப்பைக் காத்திருப்புச் செயற்கூறுகள் சிறப்புப் பொருளில் கொள்வதால், எண் 1 உடைய இழை ஒருபோதும் தோன்றாது என்னும் எடுகோளின்மீது இவ்வமைப்பு நிற்கிறது. பெர்லின் ஆவணமே இதனைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஒளிவின்றிப் பட்டியலிடுகிறது.

பைத்தானின் ‘ஓஎஸ் கில்’ செயற்கூற்றில் சிக்கல் மற்றோர் அளபுருவில் உள்ளது. யுனிக்ஸில் சமிக்ஞை 0 எதையும் அனுப்பாமல் செயல்முறை உள்ளதா என்று மட்டும் சோதிக்கும். இது எங்கும் பரவிய வழக்கு. விண்டோஸ் பைத்தானில் 0 என்பது கண்ட்ரோல்-சி நிகழ்வின் மதிப்பு. ஆகவே, ‘இருக்கிறதா’ எனக் கேட்கும் அதே வரி அங்கு ‘குறுக்கிடு’ என்னும் கட்டளையாகிறது. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-பிரேக் ஆகிய இரண்டும் அல்லாத எந்தச் சமிக்ஞையும் செயல்முறையை வலுக்கட்டாயமாக முடித்துவிடும் என ஆவணம் கூறுகிறது. ஒரே பெயரும் ஒரே அளபுருக்களும் கொண்ட செயற்கூறு இரு தளங்களில் இரு வினைகளைச் செய்யுமாயின், அது பெயர்க்கப்பட்ட இடைமுகம் அன்று; ஒலிபெயர்க்கப்பட்ட இடைமுகம். நோட்.ஜேஎஸ் இதே வினாவை எதிர்கொண்டபோது சமிக்ஞை 0 எல்லாத் தளங்களிலும் சோதனையாகவே இருக்குமாறு அமைத்தது. விண்டோஸில் செயல்முறைக் குழுவை நிறுத்த முயன்றால் பிழை எழுப்புகிறது. இயலாததை இயலாது எனக் கூறுவதும் தளம் கடந்த வடிவமைப்பின் கடமை.

ரஸ்ட் மொழியின் தர நிரலகம் சேயின் எண்ணைக் குறியற்ற 32 பிட் முழுஎண்ணாகத் தருகிறது. விண்டோஸுக்கு இது பொருந்தும். யுனிக்ஸில் ‘கில்’ அழைக்க விரும்புவோர் அதனைக் குறியுள்ள எண்ணாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு நிரலும் அம்மாற்றத்தைத் தானே செய்துகொள்கிறது. இதற்கு அம்மொழிச் சூழலிலேயே தோன்றிய ரஸ்டிக்ஸ் நிரலகத்தின் விடை குறிப்பிடத்தக்கது. அங்குச் செயல்முறை எண் சுழியாக இருக்க இயலாத தனித் தரவினம். ஒரு செயல்முறைக்கு, ஒரு குழுவுக்கு, தன் குழுவுக்கு எனச் சமிக்ஞை அனுப்பும் செயற்கூறுகள் தனித்தனிப் பெயர் பெறுகின்றன. குறியில் மறைந்திருந்த வினைகள் பெயருக்கு வந்துவிடுகின்றன. ஆயினும் ரஸ்டிக்ஸ் யுனிக்ஸ் சார்ந்த உலகத்தின் நிரலகம். இரு மரபுகளையும் இணைக்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை.

4. ஜாவாவின் தாமதமும் கோவின் மௌனமும்

ஜாவா நெடுங்காலம் செயல்முறை எண்ணை நிரலருக்குக் காட்டவே இல்லை. தளச்சார்பின்மையே அதன் கொள்கை என்பதால் இது இயல்பானதாகத் தோன்றலாம். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. இயங்கும் மெய்நிகர் எந்திரத்தின் பெயரைக் கேட்டால் ‘எண் – அட் குறி – கணினிப் பெயர்’ என்னும் வடிவில் ஒரு சரம் வழக்கமாகக் கிடைத்தது. வடிவம் உறுதியற்றது என்று தெரிந்தும் நிரலர் அச்சரத்தை வெட்டி எண்ணை எடுத்தனர். வேறு சிலர் யுனிக்ஸுக்கான உள்வகுப்பின் தனிப்பட்ட புலத்தைக் குறுக்குவழியில் படித்தனர். மறுக்கப்பட்ட தேவை மறைந்துவிடுவதில்லை. அது இடைமுகத்துக்கு வெளியே சென்று தளச்சார்புடைய வடிவில் நிறைவேறுகிறது.

2017இல் வெளியான ஜாவா 9 ‘ப்ராசஸ்ஹேண்டில்’ என்னும் இடைமுகத்தைக் கொணர்ந்தது. இக்கட்டுரை எடுத்துக்கொண்டவற்றுள் வடிவமைப்பாளர் வினாவைச் சரியாகக் கேட்டிருப்பது இங்கேதான். நிரலருக்குக் கிடைப்பது எண்ணன்று, ஒரு பொருள். எண் வேண்டுமெனில் அப்பொருளிடம் கேட்கலாம். எண்ணை வழங்க இயலாத தளத்தில் அக்கேள்வி விதிவிலக்கை எழுப்பலாம். எண்ணிலிருந்து பொருளைப் பெறும் வழி, ‘அப்படியொன்று இல்லாமலும் இருக்கலாம்’ என்னும் வடிவில் விடை தருகிறது. இரு செயல்முறைகள் ஒன்றா என்பதை எண்களைக் கொண்டன்றி, பொருள்களை ஒப்பிட்டே அறிய வேண்டும் என ஆவணம் வலியுறுத்துகிறது. செயல்முறையை இயல்பாக முடிக்கத் தளம் இடந்தருமா, வலிந்துதான் முடிக்குமா என்பதையும் பொருளிடமே கேட்டறியலாம். தளங்களின் வேறுபாட்டை மறைக்காமல் வினவத்தக்கதாக ஆக்கியிருக்கும் இக்கூறு பாராட்டுக்குரியது.

எனினும் பெயரில் பிடி என்றிருப்பது செயலாக்கத்தில் முழுமையாகப் பிடியாகவில்லை. ஓப்பன்ஜேடிகேயின் யுனிக்ஸ் செயலாக்கம் எண்ணோடு செயல்முறை தொடங்கிய நேரத்தையும் சேமிக்கிறது. நிறுத்துமாறு கேட்கும்போது அவ்வெண்ணுக்குரிய தொடக்க நேரத்தை மறுபடி படித்து, சேமித்ததோடு ஒத்திருந்தால் ‘கில்’ அழைக்கிறது. சோதனைக்கும் அழைப்புக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி எஞ்சுகிறது. அதற்குள் பழைய செயல்முறை முடிந்து அதே எண்ணைப் புதியது பெற்றால் சமிக்ஞை தவறான இடத்துக்குச் செல்லும். இவ்வாய்ப்பு மிகச் சிறிது. ஆனால் சோதனையின் வரிசை மாறினால் அவ்வாய்ப்பே இல்லாமற்போகும் என்பதுதான் கருதத்தக்கது. முதலில் பிடியைப் பெற்று, பின்னர் தொடக்க நேரத்தைச் சோதித்து, அதன்பின் பிடியின்வழி வினையாற்றினால், சோதிக்கப்பட்டதும் நிறுத்தப்படுவதும் ஒன்றே. விண்டோஸில் இவ்வரிசை என்றும் இயன்றதே. லினக்ஸில் செயல்முறையைச் சுட்டும் கோப்பு விவரிப்பான்வழிச் சமிக்ஞை அனுப்புதல் 2019இல் 5.1ஆம் கெர்னலிலும், எண்ணிலிருந்து அவ்விவரிப்பானைத் திறத்தல் 5.3இலும், அதன்மீது காத்திருத்தல் 5.4இலும் வந்தன. ஃப்ரீபிஎஸ்டி தன் சேய்களுக்கு இத்தகைய விவரிப்பானை 9.0ஆம் பதிப்பிலேயே வழங்கியது. மேக்ஓஎஸில் இதற்கு நிகரான பிடி இல்லை. அங்கு ஜாவாவின் வழியே எஞ்சிய வழி. அவ்வாறெனில் ‘இப்பிடி உறுதியானதா’ என வினவும் ஒரு செயற்கூறும் இடைமுகத்தில் இருந்திருக்க வேண்டும். இயல்பான முடிப்பைப் பற்றி வினவ இடமளித்த வடிவமைப்பாளர் இதற்கு இடமளிக்கவில்லை.

கோ மொழியின் நிலை வேறு. அதன் ‘ப்ராசஸ்’ கட்டமைப்பில் எண் ஒரு வெளிப்படைப் புலம். முதற்பதிப்பின் பொருந்துகை வாக்குறுதி அப்புலத்தை நிலைப்படுத்திவிட்டது. எண்ணைக் கொண்டு செயல்முறையைத் தேடும் செயற்கூறு யுனிக்ஸில் எப்போதும் வெற்றி பெறும் என ஆவணம் கூறுகிறது. அத்தகைய செயல்முறை உண்மையில் இல்லாவிடினும் வெற்றியே. 2024இல் வெளியான 1.23ஆம் பதிப்பு, இக்கட்டமைப்பின் உள்ளே லினக்ஸின் விவரிப்பானைப் பயன்படுத்தத் தொடங்கியது. வெளித்தோற்றம் மாறாமல் உள்ளுறுதி கூடிய இம்மாற்றம் பொறியியல் நோக்கில் சிறப்பானது. இடைமுகம் என்னும் நோக்கில் அது முழு நிறைவு தருவதில்லை. புதிய கெர்னலில் இயங்கும் நிரலும் பழையதில் இயங்கும் நிரலும் ஒரே மூலவரிகளைக் கொண்டிருந்தும் வெவ்வேறு உறுதிகளைப் பெறுகின்றன; எதைப் பெற்றோம் என்பது மூலவரிகளில் தெரிவதில்லை.

எண்ணே போதும் என்போரின் வாதத்தையும் புறக்கணிக்க இயலாது. எண் எளிது, அச்சிடலாம், கட்டளை வரியில் தட்டலாம், மூடப்படாத பிடிகளின் கசிவு அதில் இல்லை. தன் சேயை மட்டுமே கையாளும் சிறு நிரலுக்கு ஸோம்பி நிலையின் காப்பே போதுமானது; பைத்தானின் ‘சப்ப்ராசஸ்’ கூறு சமிக்ஞை அனுப்பும் முன் சேய் முடிந்துவிட்டதா என வினவிக்கொள்வதும் இக்காப்பை நம்பியே. ஆனால் நிரலகம் எழுதுவோர் இந்நிலையில் இல்லை. தம் நிரலகத்தை ஏற்கும் பெருநிரல் சமிக்ஞைகளை எவ்வாறு அமைத்துள்ளது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். எளிமை என்று இங்கு சொல்லப்படுவது, இடர்ப்பாட்டை இடைமுகத்திலிருந்து அதனைப் பயன்படுத்துவோரிடம் தள்ளிவிடுவதேயாகும்.

5. எழுதிவைக்கப்படும் எண்

பிடி எவ்வளவு உறுதியானதாயினும் அதனைக் கோப்பில் எழுதிவைக்க இயலாது. பின்னணிச் சேவைகள் தம் எண்ணை ஒரு கோப்பில் பதிந்துவைப்பது யுனிக்ஸின் பழைய வழக்கம். சேவை எதிர்பாராமல் விழுந்து கணினி மறுபடி தொடங்கினால், கோப்பிலுள்ள எண் வேறொரு செயல்முறைக்கு உரியதாகியிருக்கலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தன் பூட்டுக் கோப்பில் கண்ட எண் தனக்கோ தன் தாய்க்கோ உரியதாயின் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மறுதொடக்கத்துக்குப் பின் அத்தகைய தற்செயல் ஒப்புமை நேரும் என்பதே காரணம். கொள்கலன்களில் இது தற்செயலும் அன்று. 2008இல் லினக்ஸ் 2.6.24 கொணர்ந்த எண் பெயர்வெளியினுள் முதற்செயல்முறை எப்போதும் 1 என்னும் எண்ணையே பெறுகிறது. எனவே பழைய கோப்பிலுள்ள 1 ஒவ்வொரு முறையும் ‘ஏற்கெனவே இயங்குகிறது’ என்றே சொல்லும். ஒரே செயல்முறைக்குக் கொள்கலனுக்கு உள்ளே ஓர் எண்ணும் வெளியே வேறோர் எண்ணும் உண்டு என்பது இதனோடு சேரும் மற்றொரு சிக்கல்.

ஆதலால் தளம் கடந்த இடைமுகத்துக்கு இரு தரவினங்கள் தேவை. ஒன்று, நினைவகத்தில் மட்டும் வாழும் பிடி. வினைகள் அனைத்தும் அதன்மீதே நிகழ வேண்டும். மற்றொன்று, எழுதிவைக்கத்தக்க பெயர். அதனைப் பிடியாக மாற்றும் வழி தோல்வியடையக்கூடியது என்பது அதன் தரவினத்திலேயே தெரிய வேண்டும். பெயரில் எண்ணோடு தொடக்க நேரமும் இருத்தல் வேண்டும். பைத்தானின் பிஎஸ்யூடில் நிரலகம் எண்ணையும் தொடக்க நேரத்தையும் இணைத்தே செயல்முறைகளை ஒப்பிடுகிறது. இவ்விணைக்கும் எல்லைகள் உண்டு. லினக்ஸ் தன் செயல்முறைத் தகவல் கோப்பில் தொடக்க நேரத்தைக் கணினி தொடங்கியதிலிருந்து கடிகாரத் துடிப்புகளில் தருகிறது. விண்டோஸ் 100 நானோநொடி அலகில் நாட்காட்டி நேரமாகத் தருகிறது. முன்னதை நாட்காட்டி நேரமாக மாற்றிச் சேமிக்கும் நிரலகம், கணினியின் கடிகாரம் திருத்தப்பட்டால் ஒரே செயல்முறையை இரண்டாகக் காணும். தளம் தந்த வடிவிலேயே, திறந்து பார்க்கப்படாத மதிப்பாக அதனைச் சேமிப்பதே தகும்.

2024இல் வெளியான லினக்ஸ் 6.9, செயல்முறை விவரிப்பான்களுக்குத் தனியொரு கோப்பு முறைமையை அமைத்தது. அதனால் 64 பிட் கணினிகளில் ஒவ்வொரு செயல்முறைக்கும், கணினி இயங்கும் காலம் முழுவதும் மறுபடி வழங்கப்படாத ஓர் ஐநோட் எண் கிடைக்கிறது. கணினியின் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கெர்னல் வழங்கும் தனிக்குறியை அதனோடு சேர்த்தால் கோப்பில் எழுதத்தக்க, மயக்கமற்ற பெயர் உருவாகும். ஆனால் அப்பெயரைக் கட்டளை வரியில் எவரும் தட்ட விரும்பார். செயல்முறைகளைப் பட்டியலிடும் பழைய கருவிகள் தொடர்ந்து காட்டப்போவதும் பழைய எண்ணையே.